நான் பூசி மறைத்த பெயர்

தாதா,

என் தலையணைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிமெண்ட் பூச்சுத் துண்டு கிடக்கிறது. முன்பக்கம் வழவழப்பு. பின்பக்கம் ஒரு தெலுங்கு எழுத்து இடவலம் மாறிப் புடைத்து நிற்கிறது. மூன்று நாளாக ரூமில் ஒரே கேலி. "அண்ணே, சைட்டுல கெடக்குற குப்பை பத்தாதுன்னு கட்டிலுக்கும் கொண்டாந்துட்டீங்களா?" என்கிறான் கீழ்க்கட்டில் குமார். இது என் கையால் பூசியது. இருபது வருஷமாக இந்த நாட்டில் சுவர் பூசுகிறேன். என் பூச்சு உதிர்ந்தது என்று ஒருவன் வாய் திறந்ததில்லை. இது உதிர்ந்துவிட்டது. எனக்கு அதில் இருக்கிற சந்தோஷம் உங்களுக்குத்தான் புரியும். அதைக் கேட்க நீங்கள் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இன்று லீவு நாள். ஷார்ஜா தொழில்பேட்டைக் கேம்ப்பில் எல்லாரும் துணி துவைக்கப் போயிருக்கிறார்கள். ஜன்னலில் ஒட்டிய அட்டையையும் மீறி மத்தியான வெயில் உள்ளே விழுகிறது. நீங்கள் விட்டுப்போன தட்டைப் பென்சிலால் இதை எழுதுகிறேன்.

நாலு நாளைக்கு முன் உங்கள் தங்கை போனில் பேசினாள். அச்சுக்குக் கொடுப்பதற்காக உங்கள் நாவலை அவள்தான் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பொய்ச்சாட்சிக் கையெழுத்துப் போடுகிற ஒருவன் வருகிறானாம். அவன் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டிருக்கிறீர்களாம். ஓரத்தில் "அண்ணாவைக் கேள்" என்று எழுதி, என் நம்பர். அவள் ஹிந்தியும் நொண்டி, என் ஹிந்தியும் நொண்டி. "அண்ணா, ஏதாவது ஒரு பேரை நானே போட்டுடவா? இல்ல அந்த ஆளையே எடுத்துடவா? தாதா என்ன நெனச்சிருந்தார்?" என்று கேட்டாள். ஒரு வாரம் டைம் கொடும்மா என்றேன். அந்த ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

உங்களை நான் தாதா என்றேன், உங்கள் வங்காள பாஷையில் அண்ணன். நீங்கள் என்னை அண்ணா என்றீர்கள். யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை. தமிழில் தாதா என்றால் ரௌடி என்று நான் சொன்ன அன்று உங்களுக்கு ஏகப்பெருமை. "ஊர்ல போலீசும் என்னைப் பத்தி அப்படித்தான் எழுதி வச்சிருக்கு" என்றீர்கள். உங்கள் இரண்டாவது நாவல் வந்த பிறகு, அதில் வந்த நிலக்காரர் தான்தான் என்று உங்கள் ஊர்ப் பெரிய மனிதர் கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஊரில் உங்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. அப்பா கற்றுக்கொடுத்த தச்சு வேலையை நம்பி விமானம் ஏறினீர்கள்.

நமக்கு முதல் சந்திப்பே சண்டை. காங்கிரீட் தூண் எழுப்ப பிளைவுட் பலகையால் பெட்டி அடிப்பது உங்கள் வேலை. காங்கிரீட் இறுகிப் பலகையைப் பிரித்த பிறகு அந்தத் தூணைப் பூசுவது என் வேலை. மூன்றாம் மாடியில் ஒரு தூண் முழுக்கப் பொடி எழுத்தாகப் பென்சில் கோடுகள். என்ன பாஷை என்றே தெரியவில்லை. எவனோ செய்வினை வைத்திருக்கிறான் என்றே நினைத்தேன். கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கப் போனபோது, "ருக்கோ அண்ணா, ருக்கோ!" என்று தடுத்தபடி படியேறி ஓடிவந்தீர்கள். கையில் சவரக் கண்ணாடி. அதைத் தூணுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்து நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் பிரஷ்ஷும் கையுமாக நின்றேன்.

"கேம்ப்ல ரூமுக்குப் பத்துப் பேர். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பாட்டு. எனக்கு வேலை செய்யும்போதுதான் வாக்கியம் வருது. காதுல பென்சில், கையில பலகை. நான் வேற எங்க எழுதுவேன், சொல்லுங்க?" என்றீர்கள். டீ நேரத்தில் பலகையிலிருந்து நோட்டுக்கு மாற்றிவிடுவீர்களாம். சில நாள் அதற்குள் காங்கிரீட் லாரி வந்துவிடும். அப்போது பலகை எழுத்து இடவலம் மாறித் தூணில் ஏறிவிடும். இறுகும்வரை காத்திருந்து, பூச்சுக்காரன் வருவதற்குள் ஓடிவர வேண்டும். உங்கள் நாவலுக்கு வில்லன் உங்கள் ஊர் நிலக்காரர் இல்லை, என் பூச்சுக் கரண்டிதான் என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் எத்தனை தூண்களை உங்களுக்காக நிறுத்தி வைத்திருப்பேன். "என்னண்ணே, அந்தத் தூணு மட்டும் என்ன சாமியா? தொடாம வச்சிருக்கீக?" என்று போர்மேன் கேட்பார். அவர் எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவர். ஈரம் காயலப்பா, மணல் சரியில்லப்பா என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பொய் எனக்குச் சுலபமாக வருகிறது என்று அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

லீவு நாளில் துணி துவைக்கும் குழாயடியில் உட்கார்ந்து நீங்கள் வாசிப்பீர்கள். முதலில் வங்காளத்தில், "காதுக்காக". பிறகு ஹிந்தியில், எனக்காக. ஆற்றில் புதிதாக எழுந்த மணல் திட்டில் பயிர் வைத்தவர்களைப் பெரிய நிலக்காரர் பொய்ப் பத்திரம் காட்டி விரட்டுகிறார். ஒரு பெண், பெயர் ஷெஃபாலி, ஊரையே கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் உட்காருகிறாள். தடியடிக்குப் பிறகும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நான் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே குறை சொல்வேன். "அதென்ன தாதா, உங்க ஏழைங்க எல்லாரும் இவ்வளவு நல்லவங்க? என் ரூம்லயே ஒருத்தன் வாராவாரம் என் சோப்பைத் திருடுறான்." விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அடுத்த வாரம் ஷெஃபாலியின் போராட்டக் கூட்டத்தில் ஒரு சோப்புத் திருடன் வந்து சேர்ந்தான். அதே ஆள்தான் பின்னால் முதல் அடியை வாங்குகிறவன் என்று மாற்றினீர்கள். அது எனக்குப் பிடித்தது.

அந்த நாவலில் எல்லய்யா இல்லை, தாதா. எல்லய்யா உயிரோடு இருந்தவரை இல்லை.

கம்பி கட்டுகிறவர். கரீம்நகர் பக்கம். வாய் பேசாத ஆள், கை மட்டும் பேசும். அவர் கட்டிய கம்பிப் பின்னலில் ஒரு முடிச்சு தளர்ந்து நான் பார்த்ததில்லை. கோடையில் பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். சைட் வாசலில் நாலு பாஷையில் போர்டு இருந்தது. அவர் இறந்த அன்று, மறுநாள் காலைக் காங்கிரீட்டுக்குக் கம்பி முடியவில்லை என்று ஐந்து பேரை மட்டும் மேல் தளத்தில் நிறுத்திவைத்தார் போர்மேன். நான் அதற்குக் கீழ் மாடியில், நிழலில், உள்சுவர் பூசிக்கொண்டிருந்தேன். மேலே தொப்பென்று சத்தம். ஏறி ஓடினேன். கம்பியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்தக் கம்பி மேல் குப்புறக் கிடந்தார். கம்பி முறுக்குகிற கொக்கி கையில் அப்படியே இருந்தது. போனைப் பார்த்தேன், ஒன்று இருபது.

தூக்கிப்போய் ஓய்வுக் கொட்டகையில் அட்டை விரித்துப் படுக்கவைத்தார்கள். ஷூவைக் கழற்றினார்கள். பிறகு போர்மேன் எல்லய்யாவின் டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, காலி டப்பாவை அவர் தலைமாட்டில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் ஆபீஸில் ஒரு பேப்பர். ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் அரபி. போர்மேனே தமிழில் வாசித்துக் காட்டினார். பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தினார், சாப்பிட்டார், நிழலில் தூங்கினார், மூன்று மணிக்கு எழுப்பினால் எழவில்லை, கூட இருந்து நான் பார்த்தேன். "அண்ணே, ஆளு போயிட்டாரு. நெசத்தச் சொன்னா எந்திரிச்சு வரவா போறாரு? தூக்கத்துல போனாருன்னா அவுக வீட்டுக்கும் ஆறுதலு. நம்ம ஊருக்காரன் நான் கேக்குறேன். ஒரு கையெழுத்து, கலாஸ், முடிஞ்சுபோச்சு." நம்ம ஊர்க்காரன் என்ற வார்த்தைக்கு முன்னால் நான் எப்போதும் பொடிந்துபோகிறவன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரோடு முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரட்டவில்லை, மிரட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அதையும் குடித்தேன்.

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். குழாயடிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அவர் சாப்பிட்டாரா அண்ணா?"

இல்லை என்றேன். "என்ன கறி?" கத்தரிக்காய் என்றேன், குப்பைத் தொட்டியில் பார்த்தேன் என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் அழுது முடிக்கும்வரை எழுதாமல் இருந்தீர்கள், முடித்ததும் எழுத ஆரம்பித்தீர்கள். உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஷெஃபாலியின் மகனை வளைகுடாவுக்கு அனுப்பி, அவனோடு வேலை செய்கிறவராக எல்லய்யாவைக் கதைக்குள் கொண்டுவந்தீர்கள். ஆற்று மணலில் நிலத்தைப் பிடுங்கிய பத்திரமும், நான் கையெழுத்துப் போட்ட பேப்பரும் ஒரே சாதி என்றீர்கள்.

"எதை வேணா எழுதுங்க. என் பேரைப் போடாதீங்க" என்றேன்.

"போடல. எடம் விட்டிருக்கேன்" என்றீர்கள்.

"எதுக்கு எடம்? ஏதாவது ஒரு பேரைப் போட்டுட்டுப் போங்க. கதைதானே?"

நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "பொய்க்கு உங்க பேரைக் குடுத்தீங்களே அண்ணா. நெசத்துக்குக் குடுக்க மாட்டீங்களா?"

அதற்குப் பிறகு நான் இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. தூண்களை நிறுத்தி வைக்கவும் இல்லை. என் கரண்டிக்கு எத்தனை வரி பலியானது என்று தெரியாது.

பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் கட்டடம் எழும்பியபோது நீங்கள் அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். அங்கே தூண்களுக்குப் பூச்சு கிடையாது. பிரித்த காங்கிரீட் அப்படியே நிற்கும், பெயிண்ட் மட்டும்தான். தெலுங்கு டிரைவர் ஒருவரிடம் எல்லய்யா பெயரை எழுதி வாங்கி, மெல்லிய பலகையில் எழுத்து எழுத்தாக அறுத்து, இடவலம் மாற்றிப் பெட்டியின் உள்பக்கம் ஆணி அடித்திருக்கிறீர்கள். பிரிக்கும்போது ஓரம் உடையாமல் இருக்க ஒவ்வொரு எழுத்தின் பக்கத்தையும் சாய்வாகச் சீவி, காங்கிரீட் ஒட்டாமல் இருக்க ஷட்டர் ஆயில் தடவி. பலகையைப் பிரித்தால், ஆள் உயரத்தில், அரை விரல் ஆழத்தில், நேராக, எல்லய்யா. கீழே 1.20.

இன்ஜினியர் அதை ஏதோ டிசைன் என்று நினைத்தார். டீ நேரத்தில் தெலுங்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அந்தத் தூண் முன்னால் நின்றுவிட்டுப் போவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. யார் செய்தது என்று கேட்டபோது நீங்கள் ஒரு நொடி யோசிக்கவில்லை. "மைனே கியா", நான்தான் செய்தேன் என்று கையைத் தூக்கினீர்கள். விசா கேன்சல், மூன்றாம் நாள் விமானம்.

கொத்தினால் உள்ளே கம்பி தெரிந்துவிடும், மேலே பூசி மூடு என்று என்னைக் கூப்பிட்டார்கள். போர்மேன் பக்கத்திலேயே நின்றார். நான் பூச ஆரம்பித்திருந்தேன், எல்லய்யாவின் முதல் எழுத்து மறைந்திருந்தது. நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தீர்கள். நின்றீர்கள். பென்சிலை என் கலவை வாளி ஓரத்தில் வைத்தீர்கள்.

"நல்லா பூசுங்க அண்ணா. உங்க வேலை எப்பவும் சுத்தம்."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

தாதா, அன்று சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். பூசுவதற்கு முன் காங்கிரீட்டைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும், நான் கொத்தவில்லை. ஷட்டர் ஆயிலைக் கழுவ வேண்டும், கழுவவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை. கலவையில் மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். மேற்பரப்பை மட்டும் கண்ணாடியாகத் தேய்த்து நிறுத்தினேன். நாலு நாள் தண்ணீர் விடச் சொன்னார்கள், ஒரு சொட்டு விடவில்லை. போர்மேன் தட்டிப் பார்த்து, "அண்ணே கை வச்சா வைரம்தான்" என்றார். எழுத்தின் ஓரத்தை நீங்கள் சாய்வாகச் சீவியிருந்ததால் உள்ளே பிடிப்பே இருக்காது என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்னைக் குத்திவிட்டுப் போனபோது, என் வாழ்நாளிலேயே மோசமான பூச்சை நான் பூசிக்கொண்டிருந்தேன்.

இதை உங்களுக்கு போனிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒட்டிக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைவிட, ஒளிந்து செய்ததைத் தைரியம் என்று உங்களிடம் சொல்ல வெட்கம். நீங்கள் அனுப்பிய செய்திகளுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் பதில் போட்டேன். சிறுநீரகம் இரண்டும் போய், தை மாதம் நீங்களும் போய்விட்டீர்கள். நான் சுத்தமாகப் பூசினேன் என்று நினைத்துக்கொண்டே போனீர்கள்.

உங்கள் தங்கை பேசிய மறுநாள் அந்தக் கார் நிறுத்தும் கட்டடத்துக்குப் போனேன். சிமெண்ட் கறை படிந்த சட்டையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இந்த ஊரில் எந்த வாட்ச்மேனும் நிறுத்த மாட்டான். தூண் முன்னால் ஒரு பராமரிப்பு ஆள், திருநெல்வேலிப் பேச்சு, துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். கீழே முழுக்கப் பூச்சுத் துண்டுகள். மேலே, பெயிண்ட் கிழிந்த ஓட்டைக்குள், எல்லய்யா. 1.20 இன்னும் பாதி மூடியிருந்தது. கரண்டி நுனியால் நெம்பினேன், அதுவும் விழுந்தது.

"எவன்ல இதப் பூசுனது? கூறுகெட்ட பய. வேல தெரியாதவனயெல்லாம் கொண்டாந்து விட்டுட்டானுவ" என்றார் அவர்.

"நான்தான்யா" என்றேன்.

இருபது வருஷத்தில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. மனிதர் மிரண்டுபோய்த் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். ஒரு துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த எழுத்தை மறுபடி பூச ஆள் வரலாம். வரட்டும். அந்தக் காங்கிரீட்டில் ஆயில் ஊறிக் கிடக்கிறது, எத்தனை பேர் பூசினாலும், அது மறுபடி உதிர என்னைப்போல் ஒருவன் கரண்டியைப் பிடித்தால் போதும்.

நேற்று அந்தத் தெலுங்கு டிரைவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எல்லய்யாவின் மனைவிக்கு போன் போட்டேன். நான் ஹிந்தியில் சொல்லச் சொல்ல அவர் தெலுங்கில் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் தூக்கத்தில் போகவில்லை அம்மா, சாப்பிடவும் இல்லை, வெயிலில் கம்பி மேல் விழுந்தார், நான் பார்த்தேன், பார்க்காததுபோல் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு பேசினார். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்.

"அவர் பகல்ல தூங்குற ஆளே இல்ல. முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்றதுக்கு ஒரு ஆளாவது வருவாங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். உங்க பேர் என்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெயரைக் கேட்டார். சொன்னேன்.

ஆனி மாதம் என் விசா புதுப்பிக்கும் தேதி. காகிதம் போர்மேன் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும். புத்தகம் வரும், செய்தி அவர் காதுக்குப் போகும், நம்ம ஊர்க்காரன் இப்படிச் செய்துவிட்டானே என்று ஊரெல்லாம் சொல்வார். சொல்லட்டும். எல்லய்யாவும் யாரோ ஒருவருக்கு ஊர்க்காரர்தான். என்னைக் கப்பல் ஏற்றினாலும் இந்தத் துண்டும் இந்தப் பென்சிலும் பையில் வரும். துண்டைக் கரீம்நகரில் இறக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவேன். பென்சிலைத் தர மாட்டேன்.

இன்று காலை உங்கள் தங்கையைக் கூப்பிட்டேன். அந்த இடத்தை மூடாதே, ஆளை எடுக்காதே, பெயரை எழுதிக்கொள் என்றேன். யாருடைய பெயர் அண்ணா என்று கேட்டாள். என்னுடையது என்றேன். "அப்பா பேரும் சேத்துப் போடணுமா, இல்ல உங்க பேர் மட்டும் போதுமா?" என்றாள்.

"அப்பா பேரோட போடும்மா. அந்தப் பேப்பர்ல அப்படித்தான் போட்டேன்."

இப்படிக்கு,
இருளப்பன், தகப்பனார் பெயர் காளிமுத்து,
பூச்சு மேஸ்திரி